மஞ்சள் நீரில் குளித்த முட்டை

குரல்தான் முதலில் வந்தது. கத்தரித் தோட்டத்தின் கடைசிப் பாத்தியில் இருளாயி களை கொத்திக்கொண்டிருந்தாள். உச்சி வேளை, காற்றும் படுத்துவிட்டிருந்தது. "அம்மா, சுடுது" என்று யாரோ சொன்னார்கள். மூடிய பானைக்குள்ளிருந்து பேசுவது போலச் சின்னக் குரல். நிமிர்ந்து பார்த்தாள். ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷருக்கும் பேச்சு ஒன்றுதான். முட்டைக்குள் கிடக்கும் குஞ்சுகூடத் தாயோடு பேசும். அதனால் குரல் அவளுக்கு அதிசயமில்லை. ஆனால் அவள் பெற்ற பிள்ளை மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்து, தோட்டத்து மூலையில் புதைத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பால் இன்னும் வற்றவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மார்புச் சேலை நனைந்துவிட்டது.

செடியை விலக்கினாள். வெறுந்தரையில், நாலு கூழாங்கல்லுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. இன்று ஆட்காட்டி என்கிறோமே, அந்தப் பறவையின் முட்டை. வெயில் ஏறினால் தாய் குளத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து அதன்மேல் உட்காரும் என்பது இருளாயிக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள்.

வீட்டில் பச்சைப்பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் செய்தாள். மஞ்சள் கரைத்த வெந்நீரில் குளிப்பாட்டினாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். அவிழ்க்க மனம் வராமல் விட்டிருந்த தூளியில் துணி சுற்றிக் கிடத்தினாள். வெகுநேரம் பேசாமல் கிடந்த முட்டை, கடைசியில் "அம்மா" என்றது.

அன்று சாயங்காலமே பறவை வாசலில் வந்து நின்றது. வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா, என் முட்டையைப் பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலையே" என்றாள் இருளாயி.

பறவை போனதும், வெளியே யார் என்று தூளி கேட்டது. "யாரோ, வழி தவறி வந்திருக்காங்க" என்றாள்.

மறுநாளும் பறவை வந்தது. அதே கேள்வி, அதே பதில். அதற்குள் தூளிக்குரல் தடித்திருந்தது. அவள் இருமினால் அதுவும் இருமியது. அவள் பெருமூச்சு விட்டால், கொஞ்சம் பொறுத்து அங்கிருந்தும் ஒன்று வந்தது.

புருஷன் கழுவனுக்கு முட்டை விஷயம் தெரியாது. பெண்டாட்டி வெறுந்தூளியை ஆட்டித் துக்கம் ஆற்றிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டான். மூன்றாம் நாள் அவன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தபோது பறவை வந்து கேட்டது. அடுப்படியிலிருந்த இருளாயி வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து பதில் போய்விட்டது: "நான் பார்க்கலையே."

பறவை திரும்பிப் போனது.

"ஏன் புள்ள, தினமும் வந்து நிக்குது. கொஞ்சம் தணிவாச் சொல்லக்கூடாதா?" என்றான் கழுவன்.

"நான் எங்க மாமா சொன்னேன்?"

"அப்ப உங்க பாட்டனா வந்து சொன்னாரு? உன் குரல் எனக்குத் தெரியாதாக்கும்."

இருளாயி தூளியைப் பார்த்தாள். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. பெற்றவள் வாசலில் நிற்க, பார்க்கவில்லை என்று அந்தப் பிள்ளையே சொல்லி அனுப்பிவிட்டது.

முட்டையை அள்ளிக்கொண்டு ஓடினாள். கடைசிப் பாத்தியில், எடுத்த இடத்திலேயே வைத்தாள். பறவை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"இது மஞ்சளா இருக்கு அக்கா. உங்க வாசனை அடிக்குது. என்னுது இல்லை."

"உன்னுதுதான். நான் பொய் சொன்னேன்."

பறவை குனிந்து மெல்லக் கூப்பிட்டது.

"யாரோ, வழி தவறி வந்திருக்காங்க" என்றது முட்டை, இருளாயியின் குரலில்.

தான் ஏற்றிய மஞ்சளையும் வாசனையையும் தானே மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இருளாயிக்குப் புரிந்தது. வாய்க்காலில் கையை நனைத்து, மண்ணைக் குழைத்து, முட்டையில் பூசினாள். "அம்மா, இருட்டுது" என்றது. அவள் பூசிக்கொண்டே இருந்தாள். "அம்மா." இன்னும் ஒரு கை மண் எடுத்தாள். திட்டுத் திட்டாகப் பூசப் பூசக் குரல் சிறுத்துக்கொண்டே போய், நின்றது.

பறவை ஏறி அடைகாக்க உட்கார்ந்தது. "நீங்க பேசுற பேச்சு இனி எங்களுக்கு வேண்டாம்" என்றது. மனுஷப் பேச்சில் அது சொன்ன கடைசி வார்த்தை அதுதான். இருளாயி ஓர் அடி கிட்டே வைத்ததும், எழும்பி ஊருக்கே கேட்கும்படி அலறியது.

அன்று தொட்டுத்தான் ஆட்காட்டியின் முட்டை மண்கட்டி போல இருக்கிறது. மனுஷத் தலை தெரிந்தாலே தாய் அலறுகிறது. களை கொத்துகிறவர்களும் அந்த முட்டையைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிடுகிறார்கள். முதல் முழத்தை விட்டவள் இருளாயி. சேலையை இறுக்கிக்கொண்டு, களைக்கொத்தை எடுத்து, பாத்தியின் மிச்சத்தைக் கொத்தத் தொடங்கினாள்.