கலசம் வைத்த கழிப்பறை

தில்லைநாயகி அம்மாளிடம் கட்டட வரைபடம் போடக் கற்றவர்களில் வரோதயன்தான் கெட்டிக்காரன். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவனே சொல்லிவிடுவான்.

ஊர்த் தேரடியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுவதென்று நகராட்சி முடிவு செய்திருந்தது. ஒரு பக்கம் தேர், எதிர்ப்பக்கம் நாயக்கர் காலத்து மண்டபம். நடுவில் வருவது அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

வரோதயன் வரைந்து கொண்டுவந்தான். யாளித் தூண்கள், கோயில் கூரைபோல் வளைந்து இறங்கும் கொடுங்கை, வேலைப்பாடுள்ள கதவு, உச்சியில் மூன்று கலசம்.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பெயர்ப் பலகை எங்கே?"

"பலகை வைத்தால் அழகு கெட்டுவிடும் அம்மா. இடத்துக்குப் பொருந்துகிறதா, அதைச் சொல்லுங்கள்."

அம்மாள் பந்தல்காரர் அடைக்கலத்தை வரவழைத்தார். திருவிழா முகப்பு கட்டுவதுபோல, மூங்கிலும் வர்ணத் துணியும் வைத்து, படத்தில் இருப்பதை அதே அளவில் தேரடியில் நிறுத்தச் சொன்னார்.

அடைக்கலம் எந்தப் பந்தலை முடித்தாலும் முன்னால் ஒரு சூடம் ஏற்றிவிட்டுத்தான் ஏணியை எடுப்பார். இதற்கும் ஏற்றினார்.

மறுநாள் காலை அம்மாளும் வரோதயனும் எதிரே இருந்த இளநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் நகராட்சித் தலைவர் வந்து பார்ப்பார். அவர் தலையசைத்துவிட்டால் இதே மாதிரி கல்லில் எழும்பிவிடும்.

முதலில் வந்தவர் சூடம் எரிந்த கரியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

"பார்த்தீர்களா அம்மா! எப்படிப் பொருந்திவிட்டது!"

"பார்த்தேன்" என்று அம்மாள் அவனுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மண்டபத்து வாசலில் பூ விற்கும் காசாம்பு கூடையோடு இங்கே மாறி வந்தாள். "புதுச் சாமிக்குத்தான் கிராக்கி" என்றாள். ஒருவர் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். துணிக் கதவில் சந்தனமும் குங்குமமும் ஏறின.

"இது என்ன சாமிங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"உக்கிரமான சாமியாத்தான் இருக்கும். கதவு சாத்தியே இருக்கு பாருங்க" என்றார் பைக்கோடு வந்தவர்.

வெயில் ஏறியது. அம்மாள் காசாம்புவிடம் ஒரு இளநீரை நீட்டினார்.

"வேணாம்மா. குடிச்சிட்டு எங்க போறது? ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் தண்ணியே."

அந்த இளநீரையும் வரோதயன் குடித்தான். சற்று நேரத்தில் எழுந்து, தேர்க்கொட்டகைக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்தான். அம்மாள் அவனைப் பார்த்தார். அவன் கலசத்தைப் பார்த்தான்.

அப்போது ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, காசாம்புவிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க பாத்ரூம் எங்கக்கா இருக்கு? ரொம்ப அவசரம்."

"தேரடியில ஏது தாயி? நாங்களே காலையிலேருந்து அடக்கிக்கிட்டுக் கெடக்கோம்."

இதோ, உன் முன்னாலேயே இருக்கிறதே என்று சொல்ல வரோதயன் வாயைத் திறந்தான். உள்ளே வெறும் மூங்கில்தான் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் திரும்பினாள். போகிற அவசரத்திலும் கலசத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சாமி, நீ யாருன்னு எனக்குத் தெரியல. அடுத்த தடவ நான் வர்றதுக்குள்ள இந்த எடத்துல ஒரு கக்கூசு கட்ட வச்சிரு. உனக்கு மாவிளக்குப் போடுறேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். பஸ் போய்விட்டது.

வரோதயன் கையில் காலி இளநீர்க் கூடு இருந்தது. அதைக் கீழே வைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் பொருந்தவில்லையா அம்மா?"

அம்மாள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"உன் சாமிக்கு முதல் வேண்டுதல் வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் நிறைவேற்று."