நாற்பத்தைந்து டிகிரி

இயற்பியல் ஆசிரியர் திருஞானம் மைதானத்துப் பக்கம் வந்தாலே பி.டி. டீச்சர் ஜெபமணிக்குக் காரணம் தெரிந்துவிடும். பரீட்சை நெருங்குகிறது. விளையாட்டு பீரியடைக் கேட்க வருகிறார்.

"இந்த வாரம் எத்தனை பீரியட் சார்?" என்றார் டீச்சர்.

"பீரியட் வேண்டாம் டீச்சர். ஒண்ணு கத்துக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சருக்கு முப்பத்தொன்று. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஆறு மாசமா ப்ளஸ் ஒன் வகுப்புல ஒரு புள்ள வாயைத் திறந்து கேள்வி கேக்கலை. சரி, விளையாட்டை வச்சு நடத்தினா கேப்பாங்கன்னு திங்கக்கிழமை நீளம் தாண்டுறதை எடுத்தேன். நாற்பத்தஞ்சு டிகிரியில எழும்பினா அதிக தூரம் போகலாம்னு படம் போட்டேன், சூத்திரம் போட்டேன். அப்பவும் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்குதுங்க. உங்களைச் சுத்தி மட்டும் எந்நேரமும் தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்களே, அது எப்படி?"

டீச்சர் அவர் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டுங்க சார்."

"எதுக்கு?"

"தாண்டத்தான். நாற்பத்தஞ்சு டிகிரியில."

மணல் குழியோரம் மாரிச்செல்வி அளவு டேப்போடு உட்கார்ந்திருந்தாள். திருஞானத்தின் ப்ளஸ் ஒன் வகுப்புப் பெண்தான். பள்ளியில் அவளைவிட நீளம் தாண்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மாவட்டப் போட்டி. சாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திருஞானம் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு ஓடினார். தாண்டும் பலகை வரைக்கும் நன்றாகத்தான் ஓடினார். மேலே எழும்ப வேண்டுமே என்று காலை ஊன்றியதும், ஓடி வந்த வேகம் அங்கேயே செத்துவிட்டது. நெல் மூட்டையை இறக்கியது போல மணலில் விழுந்தார்.

மாரிச்செல்வி டேப்பைப் பிடித்தாள். "ஒண்ணு பத்து."

"ஆறாங்கிளாஸ் வாண்டுங்ககூட ரெண்டு மீட்டர் தாண்டுவாங்க சார்," என்றார் டீச்சர். "இப்ப கோணத்தை மறந்துடுங்க. ஓடுற ஓட்டத்துலயே போங்க."

திருஞானம் மறுபடி ஓடினார்.

"ரெண்டு நாற்பது," என்றாள் மாரிச்செல்வி.

அவர் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. சூத்திரத்தில் வேகம் மாறுவதில்லை. எந்தக் கோணத்தில் எழும்பினாலும் அதே வேகம். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் கரும்பலகையில் எழுதுகிறார். மனிதக் கால் அப்படிச் செய்யாது என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

"மேல போகணும்னா ஓட்டம் நின்னுடுதே," என்றார், யாரிடமோ சொல்வது போல.

"அதத்தான் சார் நான் கேட்டேன்," என்றாள் மாரிச்செல்வி.

"எப்ப கேட்ட?"

"திங்கக்கிழமை. மேல எழும்பினா ஓட்டம் நின்னுருது, அப்புறம் எப்படி சார் தூரம் போகும்னு."

திருஞானத்துக்கு நினைவு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரல் அது. "புத்தகமா தப்பு? உன் காலுதான் தப்பு, உட்காரு," என்று இவர் சொன்னார். வகுப்பே சிரித்தது. இவரும் சிரித்தார். அதை ஒரு கேள்வி என்று அவர் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ஜெபமணி டீச்சர் போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியலை அவரிடம் நீட்டினார். மாரிச்செல்வியின் பெயர்மேல் கோடு இழுத்திருந்தது.

"யார் அடிச்சது?"

"அவதான். நாலு அறுபது தாண்டுற புள்ள. நீங்க சொன்னபடி எழும்பி எழும்பிப் பார்த்து மூணு நாளா நாலைத் தொடலை. என் காலு தப்பு டீச்சர்னு சொல்லிட்டு அவளே அடிச்சுட்டா. பட்டியல் சாயங்காலம் போகணும்."

திருஞானம் பட்டியலை வாங்கினார். கையில் ஒட்டியிருந்த மணல் அதில் உதிர்ந்தது. மாரிச்செல்வி டேப்பைச் சுருட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"இனிமே உங்ககிட்ட பீரியட் கேக்க மாட்டேன் டீச்சர்," என்றார் திருஞானம். "இதுவரைக்கும் வாங்கினதையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்."

"அது கெடக்கட்டும் சார்," என்றார் டீச்சர். "இவகிட்டருந்து ஒரு கேள்வியை வாங்கி வச்சிருக்கீங்களே, அதை முதல்ல அவகிட்ட திருப்பிக் குடுங்க."