பசையில் பதிந்த கட்டைவிரல்

மதுரையில் பழைய கார் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் அவற்றைச் சுத்தம் செய்பவள் பவுனம்மா. ஒருநாள் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வீரபத்திரன், தன் பழைய காரின் டேஷ்போர்டு மூடியைக் கழற்றிவந்து அவள் முன் வைத்தார். நடுவில் பசை கல்லாக இறுகிக் கிடந்தது.

"எவனோ மடையன் கொட்டியிருக்கான். கத்தி, பெயிண்ட் தின்னர் எதுவும் படக்கூடாது. கீறல் விழுந்தா கடையை மூட வச்சிருவேன்."

கடை முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார். பவுனம்மா உற்றுப் பார்த்தாள். பசையில் ஒரு கட்டைவிரல் தழும்போடு பதிந்திருந்தது. அதே தழும்பு இன்ஸ்பெக்டரின் விரலிலும் இருந்தது.

"அந்த மடையனே தேய்ச்சாத்தான் கீறாம வரும் சார். கையைக் கொடுங்க" என்று அவர் விரலில் தேங்காயெண்ணெய் ஊற்றினாள்.

அவர் குரல் இறங்கியது. "வீட்டுக்காரி வச்ச பிள்ளையார்மா. அவ இறந்த வாரம் கழண்டு விழுந்துச்சு. இனிமே விழக்கூடாதுன்னு மொத்த டியூபையும் கொட்டுனேன். அப்பவும் நிக்கலை."

பவுனம்மா மெஷினால் சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கினாள். அவர் பொறுமையாகத் தேய்த்தார். மத்தியானத்துக்குள் பசை திரிதிரியாக உருண்டு வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை.

"பிள்ளையாரைக் கொண்டாங்க சார், நானே ஒட்டித் தர்றேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கொஞ்சமாப் பசை வச்சு ஒட்டும்மா" என்றார்.