வெறும் தண்ணீர்

தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரி. அதன் பின்பக்கம், பிணவறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், ஆராய்ச்சிக்காக எலி வளர்க்கும் கட்டடம். அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் குருவுக்கு வயது முப்பத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடர் மாசிலாமணி பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். குரு டாக்டர் நஸீமா. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். இருவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாசிலாமணி ஓடைக்கரையில் வளரும் ஒரு செடியின் இலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அது வயிற்றுப் புண்ணை ஆற்றும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கை என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம் மகளைப் பற்றிப் பேசுவதுபோல அந்த இலையைப் பற்றிப் பேசுவார்.

சோதனை எளிமையானது. நாற்பது எலிகள். இருபதுக்கு இலைச் சாறு, இருபதுக்கு வெறும் தண்ணீர். முனையில் சின்ன உருண்டை வைத்த வளைந்த ஊசியைத் தொண்டைக்குள் விட்டு, நேராக இரைப்பையில் கொடுக்க வேண்டும். இருபத்தொரு நாள், தினமும் காலையில். கடைசி நாள் நாற்பதுக்கும் வலி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வரும். பிறகு எலிகளைக் கொன்று புண்ணை எண்ண வேண்டும். இலை குடித்த எலிக்குப் புண் குறைந்திருந்தால் இலை ஜெயித்தது.

இலை மண்ணைக் கவ்வியது.

தண்ணீர் குடித்த எலிகளுக்குச் சராசரியாக ஆறு புண். இலை குடித்தவற்றுக்குப் பதினொன்று.

மாசிலாமணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நஸீமாவின் அறைக்கு வந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். இந்தத் தாளைக் கொடுத்தால் பட்டம் கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் இலை கெட்டது என்று அவர் கையாலேயே எழுதியதாகிவிடும். அதன் பிறகு அந்தச் செடியை எவனும் சீந்தமாட்டான்.

"மேடம், என் இலை விஷமா?"

நஸீமா தாளைப் பார்த்தார். பதினொன்று என்ற எண்ணை அவர் கண் கண்டுகொள்ளவே இல்லை. ஆறிலேயே நின்றது.

"தண்ணி எலிக்கு ஆறுதானா?"

"ஆமா மேடம்."

"பன்னெண்டு வருஷமா பார்க்கறேன் சார். இந்த மாத்திரைக்கு, இங்க, பதினாலு பதினஞ்சுக்குக் குறைஞ்சு வந்ததில்ல."

"என் கணக்கு தப்பா?"

"எது எந்த வரிசைன்னு பார்க்காம நானும் கூட எண்ணினேனே. ஆறுதான். வாங்க, போவோம்."

எலிக் கட்டடத்தில் தவிட்டு வாசனையும் மூத்திர வாசனையும் சேர்ந்து வந்தன. நஸீமா எந்தச் சோதனையிலும் சேராத ஒரு எலியைக் கூண்டிலிருந்து எடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊசியில் தண்ணீரை நிரப்பி மாசிலாமணியிடம் நீட்டினார்.

"குடுங்க."

மாசிலாமணி கையுறை போட்டார். எலியின் பிடரியைப் பிடித்தார். எலி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு கீச்சிட்டது. ஊசி முனை வாயருகே போனது. அங்கேயே நின்றது.

"இதுக்கு எதுக்கு மேடம்? வெறும் தண்ணிதானே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நஸீமா அவர் கையிலிருந்த ஊசியை வாங்கி வைத்தார். எலியை வாங்கிக் கூண்டில் விட்டார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து மாசிலாமணி உட்காரப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"எட்டாம் நாள் மேடம்," என்றார் மாசிலாமணி. "தண்ணி வரிசையில ஒண்ணு. ஊசி போட்டதும் துடிச்சுப்போச்சு. மூக்குல ரத்தம். அப்புறம் தேறிடுச்சு. ஆனா என்னைப் பார்த்துச்சு மேடம்."

"ம்."

"இலை வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கு. மருந்து உள்ள போகணும், வேற வழியில்ல. இதுகளுக்கு என்ன நியாயம்? தண்ணி வேணும்னா கூண்டுலயே பாட்டில் தொங்குது, அதுவே குடிச்சுக்குது. அதைப் போய்த் தொண்டையில குத்தி... எனக்கு மனசு வரல."

"அன்னையிலேருந்து குடுக்கல."

"குடுக்கல. தாள்ல மட்டும் டிக் போட்டேன். பதிமூணு நாள்." அவர் கூண்டுப் பக்கம் திரும்பினார். "ஏமாத்தணும்னு இல்ல மேடம். சத்தியமா இல்ல."

"தெரியும் சார்."

மாசிலாமணி விலங்கியல் படித்தவர். மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பிடரியைப் பிடித்துத் தூக்கித் தொண்டையில் ஊசியை விட்டால், அந்தப் பயத்திலேயே எலியின் இரைப்பை புண்ணாகும். பத்து வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். கேள்விகூடக் கேட்பார், இரண்டு மதிப்பெண்ணுக்கு.

இருபது எலிகளைப் பயமுறுத்தி மருந்து கொடுத்துவிட்டு, இருபது எலிகளை நிம்மதியாக விட்டுவிட்டு, இரண்டையும் தராசில் வைத்திருக்கிறார்.

சட்டென்று அவர் முகம் மாறியது. மனிதன் ஆசை எங்கே சும்மா இருக்கிறது?

"மேடம், ஒழுங்கா ஊசி போட்டிருந்தா தண்ணி எலிக்குப் பதினஞ்சு வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்."

"இலை எலிக்குப் பதினொண்ணுதான். அப்ப என் இலை வேலை செஞ்சிருக்கு!"

"செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம்."

"உங்க பழைய சோதனையில பதினஞ்சு இருக்கே. அதை எடுத்துக்கலாமே."

"அது வேற எலி சார். வேற மாசம், வேற தீவனம், வேற ஒருத்தர் கை."

மாசிலாமணி இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே முழங்காலில் வைத்துக்கொண்டார். கூண்டுக்குள் இருந்த எலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இரக்கப்பட்டது தப்பா மேடம்?"

நஸீமா போய் இரும்பு பீரோவைத் திறந்தார். தடித்த அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்தக் கட்டடத்தில் கொல்லப்பட்ட ஒவ்வொரு விலங்குக்கும் அதில் ஒரு வரி உண்டு. எண், எடை, தேதி, கொன்ற முறை. அதுவரை எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதான். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் நஸீமாவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தது. தலைப்பில் 'இந்த உயிரால் தெரிந்தது' என்று எழுதியிருந்தது.

மாசிலாமணி பழைய பக்கங்களைப் புரட்டினார். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றையும் காணோம். 'இந்த அளவு போதாது.' 'பெண் எலிக்கு இரட்டிப்பு நேரம் ஆகிறது.' 'மருந்து பயன் தரவில்லை.' ஒவ்வொன்றும் நஸீமாவின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது. மருந்து தோற்ற இடத்திலும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது.

கடைசிப் பக்கத்தில் அவருடைய நாற்பது எலிகள் வரிசையாக நின்றன. எண் இருந்தது, எடை இருந்தது, தேதி இருந்தது. கடைசிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலியாக இருந்தது.

நஸீமா பேனாவை நீட்டினார்.

"எழுதுங்க சார்."

"என்ன எழுத?"

"தெரிஞ்சதை."

மாசிலாமணி பேனா மூடியைக் கழற்றினார். இலை நல்லது என்று எழுத முடியாது. கெட்டது என்றும் எழுத முடியாது. இலை குடித்த இருபதும் இருபத்தொரு நாள் அவர் கையில் துடித்தவை. அவற்றின் எண்களை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் தெரியலையே மேடம்."

"அப்ப அதை எழுதுங்க."

முதல் வரியில் எழுதினார், 'ஒன்றும் தெரியவில்லை' என்று. இரண்டாவது வரிக்கு வந்தார். இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடத்துப் பதிவேடு எழுதிய கை, தன் பழக்கத்துக்கு 'மேற்படி' என்று போட ஆரம்பித்தது. 'மே' மட்டும் விழுந்திருந்தது.

நஸீமா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"மேற்படி வேண்டாம் சார். அது ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் செத்துச்சு."