இரும்புச் சக்கரம் பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் காளைக்கும் வாய் உண்டு, இரும்புக்கும் வாய் உண்டு. பேச ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அப்படி ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் ஆற்றோரத்தில் பேச்சாயி என்பவள் சுண்ணாம்பு அரைத்துப் பிழைத்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சுண்ணாம்பு சுடும் காளவாய்ப் புகைக்குப் பயந்து ஊரும் தள்ளியே இருந்தது. வட்டமான பள்ளத்தில் சுட்ட சுண்ணாம்பையும் மணலையும் கொட்டுவாள். செவலைக் காளை இழுக்க, வார்ப்பிரும்புச் சக்கரம் அதன்மேல் உருளும். அவள் ஓரமாக உட்கார்ந்து, சுண்ணாம்பில் கிடக்கும் வேகாத கற்களைப் பொறுக்கி எறிந்துகொண்டே சக்கரத்தோடு பேசுவாள். குழம்பில் உப்பு கூடியது, கனவில் அம்மா வந்தது, எல்லாம் அதற்குத் தெரியும். வார்ப்பிரும்பின் உடம்புக்குள் கரி சின்னச் சின்ன இதழ்களாகப் படுத்திருக்கும். அவள் சொல்வதைக் கேட்டதும் அந்தக் கரிதான், பதில் சொன்னதும் அந்தக் கரிதான்.

ஆனால் மணல் சும்மா விடுமா? சக்கரம் தேய்ந்துகொண்டே வந்தது.

"வரவர இளைச்சுக்கிட்டே போறியே. அடுத்த மழைக்கு உன்னை அக்கா வளையலாப் போட்டுக்கலாம்" என்று காளை கிண்டல் செய்தது.

பேச்சாயிக்குச் சிரிப்பு வரவில்லை. காளைக்குக் கிண்டல் பண்ணத்தான் தெரியும், இதுவும் தேய்ந்து முடிந்துவிட்டால் தன் பேச்சைக் கேட்க யார் என்று நினைத்தாள். அன்றைக்கே சக்கரத்தை வண்டியில் ஏற்றி, உலைக்காரர் சடையாண்டியிடம் கொண்டுபோனாள்.

உருக்கி ஊற்றும்போது குரோமியத்தைச் சேர்த்தால் மணல் ஒன்றும் செய்யாது என்றார் சடையாண்டி. குரோமியம் கருங்குன்றில் தனியாகக் கிடந்தது. கூப்பிட்டதும் ஓடி வந்தது. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னது: "கரியைக் கண்டா எனக்குக் கை நிக்காது. எல்லாத்தையும் இறுக்கிக் கட்டிக்குவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

கட்டிக்கொண்டால் என்ன, கரி உள்ளேதானே இருக்கப்போகிறது என்று நினைத்து இரும்பு சரி என்றது.

புதுச் சக்கரம் வெள்ளை வெளேரென்று வந்தது. மணல் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போனது. பேச்சாயி ஆசையாக உட்கார்ந்து, "எப்படி இருக்கே?" என்று கேட்டாள். அவள் குரல்தான் இரும்பில் மோதித் திரும்பி வந்தது. மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். குரோமியத்தின் பிடியில் கரிக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை.

பதில் சொல்லாத சக்கரத்தின் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? காளையைத் தானாகச் சுற்ற விட்டுவிட்டு அவள் குடிசைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். கல்லைப் பொறுக்க ஆள் இல்லை. ஒரு நாள் வேகாத கல் ஒன்றின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. பழைய சக்கரமாக இருந்தால் அந்த அடியை வாங்கிக்கொண்டு உருண்டிருக்கும். இது பொரித்த அப்பளம் போல உடைந்தது.

துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி சடையாண்டியிடம் வந்தாள். உலையில் உருகியதும் கரியின் கட்டு அவிழ்ந்தது. "அக்கா" என்றது இரும்பு. அவள் உலை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். குரோமியமே வேண்டாம், தேயும் மட்டும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்றாள்.

சடையாண்டி ஒரு வழி சொன்னார். குரோமியத்தை விளிம்போடு நிறுத்தி முதலில் விளிம்பை மட்டும் வார்ப்பது. கூடவே நிக்கலையும் சேர்ப்பது. நிக்கல் சாது. கரியைப் பிடுங்காமல் இரும்போடு கலந்து நிற்கும், விழும் அடியைக் கொஞ்சம் தாங்கும். விளிம்பு இறுகியதும் நடுவில் வெறும் வார்ப்பிரும்பை ஊற்றினால் அங்கே கரி பழையபடி படுத்துக்கொள்ளும்.

"ஆனா ஒண்ணும்மா, இதுக்குக் காது நடுவுல, வாய் விளிம்புல. அங்க இருக்குற கரியைக் குரோமியம் விடாது. நீ பேசுறது கேக்கும். பதில் வராது."

பேச்சாயி வேண்டாம் என்று தலையாட்டினாள். உலைக்குள்ளிருந்து இரும்புதான் முடிவு சொன்னது.

"நான் தேஞ்சு போயிட்டா நீ யாருகிட்டக்கா சொல்லுவ? ஊத்தச் சொல்லு."

ஊற்றினார்கள்.

ஆறிய சக்கரத்தை ஆற்றோரத்தில் பூட்டிவிட்டு, பேச்சாயி பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள். இன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது என்று சொன்னாள். சக்கரம் உருண்டது. பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள்.

அன்று முதல்தான் அரைக்கிற சக்கரத்துக்கு விளிம்பைக் கெட்டியாகவும் நடுவை மிருதுவாகவும் வார்க்கிறார்கள். இரும்பும் நாம் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் உருள்கிறது.