வாய் மூடிய குளம்

"சாமி, ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டாலும் செத்தேன், போடலைன்னாலும் செத்தேன்."

குற்றாலம் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. வெள்ளைக்கார கலெக்டரின் கச்சேரியில் சிரஸ்தார், தலைமை அதிகாரி அவர். துரைக்கு அடுத்த ஆள் என்று ஊர் எழுந்து நிற்கும். அன்று குளத்து மண்டபத்துக்கு ஓடியே வந்திருந்தார். மண்டபத்தில் தங்கியிருந்த சாமியார் அவரைவிடப் பத்து வயசு சின்னவர். விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையும் அப்படியே உட்கார்ந்தார்.

"என்ன காகிதம்?"

"'இடிமுழக்கம்' பத்திரிகையை மூடுறதுக்கு. முந்தாநாள் சாராயக் கிடங்கைக் கொளுத்திட்டாங்கல்லா? துரை பதறிப்போயிட்டார். மூடலாம்னு என்னை எழுதித் தரச் சொல்லுதார்."

"பத்திரிகைக்காரனா கொளுத்தினான்?"

"இல்ல. கொளுத்துவாங்கன்னு போன வாரமே எழுதினான். எந்தத் தெரு கொதிக்குதுன்னு பேரோட போட்டிருந்தான்."

"நீ படிச்சியா?"

"படிச்சேன். திமிர் பிடிச்ச பயன்னு குறிப்பு எழுதி வச்சேன்."

சாமி சிரித்தார். "மூடலைன்னா?"

"இன்னொண்ணு எரிஞ்சா துரை என் தலையில போடுவார்."

"மூடினா?"

"என் வீடு அந்தக் கொதிக்கிற தெருவுலதான் இருக்கு சாமி. பிள்ளைங்க இருக்கு."

மழை அப்போதுதான் விட்டிருந்தது. குளத்தைச் சுற்றித் தவளைகள் காது கிழியக் கத்தின.

"சனியனுங்க! மனுஷனை யோசிக்க விடுதா பாரு." பிள்ளை ஒரு கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தார்.

எல்லாம் சட்டென்று நின்றது.

"அப்பாடா" என்றார் பிள்ளை.

சாமி இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டார்.

"ஏன் சாமி?"

"இங்க ஒரு நல்லபாம்பு திரியுது. அது வர்ற பக்கத்துத் தவளை மட்டும் வாயை மூடும். அதை வச்சுத்தான் காலைத் தொங்கப் போட்டிருந்தேன். இப்ப எல்லாப் பக்கமும் மூடிட்டு."

பிள்ளை விருட்டென்று காலைத் தூக்கினார். கீழே புல் அசைந்த மாதிரி இருந்தது. அசையாத மாதிரியும் இருந்தது.

"எங்க இருக்கு சாமி?"

"எனக்கென்ன தெரியும்."

தூரத்தில் கச்சேரி மணி ஐந்து அடித்தது. பிள்ளையின் வேட்டி நுனி வெளியே தொங்கியது. அதையும் மெல்ல உள்ளே சுருட்டிக்கொண்டார்.

"நேரமாச்சு. நீ கேட்ட அமைதிதான் கிடைச்சிட்டே" என்றார் சாமி. "காலைக் கீழ வை. போய்க் கையெழுத்தைப் போடு."

பிள்ளை காலைக் கீழே வைக்கவில்லை.