அலமாரிச் சாவி

ஒழுங்கு என்றால் தலைமையாசிரியர் திருவேங்கடத்துக்கு உயிர். பள்ளிக்கு இலவச நாப்கின் வந்ததும் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகளோ, கடையில் வாங்க வழியில்லாமல் அந்த நாட்களில் வீட்டோடு கிடந்தார்கள்.

காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்தார். “அந்தச் சாமான் வேணும்னா என்கிட்ட வந்து, இன்னது வேணும்னு வாய்விட்டுக் கேக்கணும். இதுல என்ன வெக்கம்?”

எட்டாம் வகுப்பு முனீஸ்வரி கையைத் தூக்கினாள். “எந்தச் சாமான் சார்?”

“அதான்... பொம்பளப் பிள்ளைகளுக்கு வந்திருக்கே...”

“பேரை ஒருதடவை சொல்லுங்க சார். அப்படியே கேக்குறோம்.”

மொத்தப் பள்ளியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சார் கனைத்தார், வியர்த்தார், கடைசியில் சாவியை எடுத்து நீட்டினார்.

“இந்தா, நீயே எடுத்து எல்லாருக்கும் குடு!”

சாவியை வாங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டும் அவள் விடவில்லை.

“எதைக் குடுக்கணும் சார்?”